கர்ல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். கடலூர்ப் பிள்ளைகள் பாதி, புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் பாதி. கர்ல் என்ற நிரலின் பக்கம் வந்ததும் எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள்தான். அதே கேள்விகள் ராத்திரி வாட்ஸ்அப்பிலும் வரும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதிவிட்டேன்.

கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கில எழுத்து. ‘மைனஸ் ஓ’ என்றால் கழித்தல் குறியும் அதை ஒட்டிய சின்ன எழுத்தும். ‘மைனஸ் கேப்பிடல் ஓ’ என்றால் பெரிய எழுத்து. ‘டபுள் மைனஸ்’ என்றால் கழித்தல் குறி இரண்டு, அதை ஒட்டி முழுச் சொல். சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் கர்லுக்கு வேறு வேறு. பாதிச் சந்தேகங்கள் இந்த ஒன்றில்தான் பிறக்கின்றன.

கர்ல்னா என்னக்கா? அதான் பிரவுசர் இருக்கே, இது எதுக்கு?

இணையத்தில் இருக்கும் ஒரு சர்வருக்குக் கோரிக்கை அனுப்பி, வந்த பதிலை அப்படியே திரையில் காட்டும் நிரல். ஜன்னல், பட்டன் எதுவும் கிடையாது. டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறந்து, கர்ல் (சி, யூ, ஆர், எல்) என்று தட்டி, ஓர் இடம் விட்டு முகவரியைப் போட்டால் போதும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998 மார்ச் 20 அன்று இந்தப் பெயரில் முதலில் வெளியிட்டார். இன்றும் அவர்தான் முன்னின்று பார்த்துக்கொள்கிறார். இதன் உள்ளே இருக்கும் லிப்கர்ல் என்ற நூலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) தனியாகவும் கிடைக்கிறது. போன், டிவி, கார் என்று எத்தனையோ கருவிகளுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரவுசர் நமக்காக நிறைய வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துவிடும். வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் தானே போகும், குக்கியை (தளம் நம்மை அடையாளம் காணத் தரும் சின்னக் குறிப்பு) தானே வைத்துக்கொள்ளும், பழைய பக்கத்தைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டும். படிக்கிறவருக்கு அது வசதி. நிரல் எழுதுகிறவருக்கு என்ன போனது, என்ன வந்தது என்று தெரிந்தாக வேண்டும். கர்ல் நாம் சொன்னதை மட்டும் செய்யும், நடந்ததை மறைக்காது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்: ஊகிக்கும் முன் சர்வர் என்ன சொன்னது என்று படியுங்கள்.

என் லேப்டாப்ல இது இருக்குதா? காசு கட்டணுமா?

காசு கிடையாது. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ் 10-இல் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. மேக்கில் உண்டு. லினக்ஸில் சில வகைகளில் இருக்காது. உபுண்டு என்றால் ஆப்ட் வழியாக ஒரே வரியில் நிறுவிவிடலாம். இருக்கிறதா என்று பார்க்க, கர்ல் டபுள் மைனஸ் வெர்ஷன்.

பவர்ஷெல்ல கர்ல் அடிச்சா நீங்க காட்டுன மாதிரி வரல. ஏதோ அட்டவணை மாதிரி வருது.

விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல்லில் (5.1) கர்ல் என்ற பெயரை வேறொரு கட்டளைக்குப் பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள். நீங்கள் கூப்பிட்டது கர்லே இல்லை. அதனால் கர்ல் டாட் இஎக்ஸ்இ என்று முழுப் பெயரையும் தட்டுங்கள். பவர்ஷெல் 6 முதல் அந்தப் பட்டப்பெயரை எடுத்துவிட்டார்கள்.

முதல்ல எந்த முகவரிய அடிச்சுப் பாக்கட்டும்? எதாவது தப்பாயிடுமா?

எக்ஸாம்பிள் டாட் காம் என்ற முகவரி எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைத்தது. அங்கே தொடங்குங்கள். அடுத்தது ஹெச்டிடிபிபின் டாட் ஆர்க். நீங்கள் என்ன அனுப்பினீர்களோ அதையே திருப்பிக் காட்டும் தளம் அது. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அப்புறம் நம் ஊரை வைத்தே ஒன்று. ஓப்பன் மீட்டியோ என்ற வானிலைச் சேவை, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குச் சாவி (நீங்கள் யார் என்று காட்டும் ரகசிய எழுத்துகள்) கேட்காமல் பதில் தரும். கடலூரின் அட்சரேகை 11.75, தீர்க்கரேகை 79.75. புதுச்சேரிக்கு 11.93, 79.83. முகவரிக்குப் பின் கேள்விக்குறி போட்டு லாட்டிட்யூட், லாங்கிட்யூட் இரண்டுக்கும் இந்த எண்களைக் கொடுத்து, காற்றின் வேகம் வேண்டும் என்று கேட்டால் ஜேசன் வடிவில் (பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக வரும் எழுத்து வடிவம்) எண்கள் வந்து விழும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது இந்தக் கரையில்தான், அதனால் காற்று என்றால் இங்கே யாருக்கும் ஆர்வம் வந்துவிடும். தேவனாம்பட்டினத்து மாணவி ஒருத்தி அப்பாவுக்காக இதை வைத்தே ஒரு சின்ன நிரல் எழுதினாள். அவளிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்: பழகுவதற்கு இது சரி, கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு வானிலை மையமும் மீன்வளத் துறையும் தரும் எச்சரிக்கைதான் கணக்கு.

எங்க காலேஜ் சைட் அடிச்சேன். ஒன்னுமே வரல, கர்சர் அடுத்த லைனுக்கு வந்துடுச்சு. வேலை செய்யுதா இல்லையா?

செய்கிறது. ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் என்று எதுவும் போடாமல் முகவரியை மட்டும் கொடுத்தால் கர்ல் பூட்டு இல்லாத ஹெச்டிடிபி என்று எடுத்துக்கொள்ளும். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் ‘இங்கே இல்லை, ஹெச்டிடிபிஎஸ் பக்கம் போ’ என்று 301 சொல்லித் திருப்பிவிடும். அந்தப் பதிலின் உடல் பகுதி காலியாக இருந்தால் திரையில் எதுவும் விழாது. சில சர்வர்கள் ‘இடம் மாறிவிட்டது’ என்று இரண்டு வரி மட்டும் அனுப்பும்.

மைனஸ் ஐ சேர்த்து மறுபடி அடியுங்கள். பதிலின் தலைப்பு வரிகளும் (பதிலைப் பற்றிய குறிப்புகள்) தெரியும், அதில் லொகேஷன் என்ற வரியில் புது முகவரி இருக்கும். கர்லே அங்கே போகட்டும் என்றால் மைனஸ் கேப்பிடல் எல். அப்படி 50 தடவை வரை பின்தொடரும். அதற்கு மேலும் திருப்பிவிட்டால் இரண்டு முகவரிகள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம், கர்ல் நிறுத்திவிடும்.

சின்ன ஐ-யும் பெரிய ஐ-யும் ஒன்னுதானே?

இல்லை. சின்ன ஐ வழக்கமான கோரிக்கையையே அனுப்பி, தலைப்பு, உடல் இரண்டையும் காட்டும். பெரிய ஐ ‘தலைப்பு மட்டும் போதும்’ என்று வேறு வகைக் கோரிக்கையை அனுப்பும். ஹெட் என்று அதற்குப் பெயர். பெரிய கோப்பின் அளவை இறக்காமலே பார்க்க அது நல்லது. ஆனால் சில சர்வர்கள் ஹெட் கோரிக்கைக்கு 405 என்று மறுக்கும், சில வேறு பதிலைத் தரும். பிழையைத் தேடும்போது சின்ன ஐ-தான் நம்பகமானது.

மைனஸ் வி போட்டா ஸ்கிரீன் முழுக்க ஸ்டாரும் அம்புக்குறியும் வருது. எங்க இருந்து படிக்கிறது?

இதைப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு இந்தப் பக்கத்தின் மீதி பாதி தேவைப்படாது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக.

நட்சத்திரக் குறியில் (*) தொடங்கும் வரிகள் கர்ல் தன் வேலையைப் பற்றிச் சொல்பவை. பெயரைக் கொடுத்து ஐபி முகவரி (அந்தக் கணினியின் எண்) வாங்கியது, எந்த ஐபி-யின் எந்த போர்ட்டுக்கு (கணினியில் உள்ள எண்ணிட்ட கதவு) போனது, இணைப்பு கிடைத்ததா, சான்றிதழ் (எதிரே இருப்பது அந்தத் தளம்தான் என்று காட்டுவது) யாருடையது, எந்தத் தேதி வரை செல்லும், எல்லாம் அதில் இருக்கும். அடுத்து > குறியில் தொடங்கும் வரிகள், நீங்கள் அனுப்பியவை. முதல் வரி ‘கெட்’ (தா என்று கேட்பது) என்றோ ‘போஸ்ட்’ (தகவலைக் கொடுப்பது) என்றோ தொடங்கும். அடுத்து ஹோஸ்ட், அதாவது எந்தத் தளம். யூசர் ஏஜென்ட் என்ற வரியில் ‘கர்ல்’ என்ற பெயரும் பதிப்பு எண்ணும். ஆக்செப்ட் என்பதற்கு எதிரே */* என்று இருக்கும், எந்த வடிவில் தந்தாலும் சரி என்று பொருள். அதன் பின் ஒரு வெற்று வரி. கோரிக்கையின் தலைப்பு முடிந்தது என்று சர்வருக்குச் சொல்வது அந்த வெற்று வரிதான்.

< குறியில் தொடங்குபவை சர்வர் சொன்னவை. முதல் வரியில் நிலை எண். அதற்குக் கீழே கன்டென்ட் டைப், லொகேஷன், செட் குக்கி போன்றவை. மேலிருந்து இறங்குங்கள். நட்சத்திர வரியிலேயே நின்றுவிட்டதா? அப்படியென்றால் சிக்கல் நெட்வொர்க்கிலோ சான்றிதழிலோ இருக்கிறது, உங்கள் நிரலை நோண்ட வேண்டாம். > வரிகளில் நீங்கள் நினைத்த தலைப்பு இல்லையா? கட்டளையைத் திருத்துங்கள். இரண்டும் சரி, < வரியில் 500 வருகிறதா? சர்வர் பக்கத்து ஆளைக் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் தேடுவது என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

200, 301, 404னு நம்பரெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

முதல் இலக்கம் போதும். 2 என்றால் ஆயிற்று. 3 என்றால் வேறு இடம் பார். 4 என்றால் நீங்கள் கேட்டதில் ஏதோ சரியில்லை. 5 என்றால் சர்வரால் முடியவில்லை.

குழப்பிக்கொள்வது 401-ஐயும் 403-ஐயும்தான். 401 என்றால் நீ யார் என்று நிரூபிக்கவில்லை, சாவியைப் பாருங்கள். 403 என்றால் அனுமதி இல்லை, யார் என்று தெரிந்த பிறகும் அதே பதில்தான் வரலாம். 429 என்றால் அளவுக்கு மேல் கேட்கிறாய். அதோடு ரீட்ரை ஆஃப்டர் என்ற தலைப்பு வந்தால், அதில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். 502, 504 இரண்டும் முன்னால் நிற்கும் சர்வருக்குப் பின்னால் இருப்பதிடமிருந்து ஒழுங்கான பதில் வராதபோது தலைகாட்டும்.

வெதர் முகவரில லாட்டிட்யூட் மட்டும்தான் போகுது. லாங்கிட்யூட் போய்ச் சேரவே மாட்டேங்குதுக்கா.

முகவரியை மேற்கோள் குறிக்குள் வைக்கவில்லை. டெர்மினலுக்கு & என்ற குறி தனிப் பொருள் உள்ளது. லினக்ஸில் ‘இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு’ என்று அது எடுத்துக்கொள்ளும். அதனால் & வரை இருக்கும் துண்டு மட்டும் கர்லுக்குப் போகும், மீதி தனிக் கட்டளையாகிவிடும். அப்போது திரையில் [1] என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் தோன்றும். அதுதான் அடையாளம். மேக்கில் கேள்விக்குறியிலேயே தகராறு வந்து, கர்ல் தொடங்கும் முன்பே பிழை விழும்.

முகவரி எப்போதும் மேற்கோளுக்குள். லினக்ஸிலும் மேக்கிலும் ஒற்றை மேற்கோள் நல்லது. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்துக்கு ஒற்றை மேற்கோள் புரியாது, அங்கே இரட்டை மேற்கோள்தான்.

தமிழ்ல ‘கடலூர்’னு போட்டுத் தேடுனா தப்பு தப்பா வருது. இங்கிலீஷ்லதான் தேடணுமா?

தமிழிலேயே தேடலாம், ஆனால் முகவரியில் நேராகத் தமிழ் எழுத்தை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாற்றி அனுப்ப வேண்டும். கடலூர் என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் ஆறு. யூடிஎஃப் 8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. சதவீத வடிவில் 54 குறிகள். புதுச்சேரி 90 குறிகள் ஆகும். இதைக் கையால் யாரும் எழுத வேண்டாம்.

மைனஸ் கேப்பிடல் ஜி போட்டு, டபுள் மைனஸ் டேட்டா மைனஸ் யூஆர்எல்என்கோட் என்பதற்குப் பின் மேற்கோளுக்குள் பெயரும் சமக்குறியும் தமிழ்ச் சொல்லும் கொடுங்கள். மாற்றுவதையும் முகவரியோடு ஒட்டுவதையும் கர்ல் பார்த்துக்கொள்ளும். இடைவெளி உள்ள சொற்களுக்கும் இதே வழிதான்.

ஏம்மா, பெரிய ஃபைல் இறக்கும்போது பாதியில கரண்டு போனா மறுபடி முதல்லேர்ந்தா?

இதைக் கேட்டவர் முதுநகரில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். வேண்டியதில்லை ஐயா. இறக்க மைனஸ் கேப்பிடல் ஓ போடுங்கள், முகவரியின் கடைசியில் இருக்கும் பெயரிலேயே கோப்பு சேமிக்கப்படும். வேறு பெயர் வேண்டுமென்றால் மைனஸ் சின்ன ஓ, பின்னால் அந்தப் பெயர். பாதியில் நின்றால் அதே கட்டளையோடு மைனஸ் கேப்பிடல் சி, இடம் விட்டு இன்னொரு கழித்தல் குறி. வட்டில் எவ்வளவு இருக்கிறதோ அங்கிருந்து தொடரும்.

சர்வர் துண்டு துண்டாகக் கொடுக்க ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும். இல்லையென்றால் ‘தொடர முடியாது’ என்று கர்ல் சொல்லிவிடும், அப்போது முதலிலிருந்துதான். இன்னொன்று, ஒரே இணைப்பில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது டபுள் மைனஸ் லிமிட் மைனஸ் ரேட் போட்டு வேகத்தைக் குறைத்து இறக்குங்கள். மற்றவர்கள் விண்ணப்பம் நிரப்புவது நிற்காது.

விகெட் நல்லதா, கர்ல் நல்லதா?

ஒரு தளத்தின் உள்பக்கங்களையெல்லாம் தொடர்ந்து போய் இறக்க விகெட். கோரிக்கையை நம் விருப்பப்படி அமைத்து அனுப்ப, பதிலை ஆராய, கர்ல். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

ஃபார்ம் நிரப்பி அனுப்புற மாதிரி கர்ல்ல எப்படிப் பண்றது?

மைனஸ் டி, பின்னால் மேற்கோளுக்குள் பெயர், சமக்குறி, மதிப்பு. இரண்டு மூன்று இருந்தால் நடுவில் &, அல்லது மைனஸ் டி-யையே திரும்பப் போடலாம். மைனஸ் டி வந்தாலே கர்ல் போஸ்ட் என்று மாற்றிக்கொள்ளும், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பில் தமிழோ இடைவெளியோ இருந்தால், மேலே சொன்ன யூஆர்எல்என்கோட் வழியைக் கேப்பிடல் ஜி இல்லாமல் பயன்படுத்துங்கள்.

புகைப்படம், பிடிஎஃப் ஏற்ற வேண்டுமென்றால் மைனஸ் கேப்பிடல் எஃப். சமக்குறிக்குப் பின் @ போட்டுக் கோப்பின் பெயர். அந்த @ விட்டுப்போனால் கோப்பு போகாது, கோப்பின் பெயர்தான் வெறும் எழுத்தாகப் போய்ச் சேரும்.

ஜேசன் கரெக்டாத்தான் அனுப்புறேன். ஆனா 415 வருது, இல்லன்னா 400 வருது.

415 என்றால் வடிவம் பிடிக்கவில்லை. மைனஸ் டி போட்டால் கர்ல் தானாகச் சேர்க்கும் கன்டென்ட் டைப் பழைய ஃபார்ம் வகை. உள்ளே ஜேசன் இருக்கிறது, மேலே ஃபார்ம் என்று எழுதியிருக்கிறது. மைனஸ் கேப்பிடல் ஹெச் போட்டுக் கன்டென்ட் டைப் அப்ளிகேஷன் சாய்கோடு ஜேசன் என்று மாற்றுங்கள். 2022-இல் வந்த 7.82 பதிப்பிலிருந்து டபுள் மைனஸ் ஜேசன் என்றே ஒரு தேர்வு உண்டு, அது இதையெல்லாம் சேர்த்தே செய்யும்.

400 என்றால் பெரும்பாலும் விண்டோஸ் மேற்கோள் சண்டை. ஜேசனுக்குள்ளும் இரட்டை மேற்கோள், வெளியிலும் இரட்டை மேற்கோள். உள்ளே இருப்பதற்கு முன்னால் எல்லாம் பின்சாய்கோடு போட்டுக்கொண்டிருப்பதைவிட, ஜேசனை ஒரு கோப்பில் எழுதி, @ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுப்பது நிம்மதி. மைனஸ் டி வழியாகக் கோப்பைக் கொடுத்தால் வரிமுறிவுகளை எடுத்துவிடும். ஜேசனுக்கு அதனால் கெடுதல் இல்லை. வரிமுறிவு அப்படியே போக வேண்டிய கோப்பு என்றால் டபுள் மைனஸ் டேட்டா மைனஸ் பைனரி.

எல்லா வீடியோலயும் மைனஸ் எக்ஸ் போஸ்ட்னு போடுறாங்களே. தேவையில்லைங்கறீங்க, போட்டா என்ன கெட்டுப்போகும்?

கேப்பிடல் எக்ஸ் அது. வெறும் மைனஸ் டி-யோடு போட்டால் ஒன்றும் கெடாது. மைனஸ் கேப்பிடல் எல் கூடச் சேரும்போதுதான் வினை. போஸ்ட் அனுப்பியதும் சர்வர் 302 அல்லது 303 சொல்லி ‘நன்றி’ பக்கத்துக்கு அனுப்பினால், கர்ல் இரண்டாவது கோரிக்கையை ‘கெட்’ ஆக மாற்றும். பிரவுசரும் அதையேதான் செய்யும். 307, 308 என்றால் மட்டும் போஸ்ட் போஸ்ட்டாகவே போகும். கேப்பிடல் எக்ஸ் இந்த ஒழுங்கைக் கலைத்து, திருப்பிவிட்ட இடத்துக்கெல்லாம் போஸ்ட் என்றே அனுப்பும். அந்தப் பக்கம் 405 என்று திட்டும், நீங்கள் உங்கள் நிரலில் பிழை தேடுவீர்கள். புட், டெலீட் போன்றவற்றுக்கு மட்டும் கேப்பிடல் எக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

என் லேப்டாப்ல லோக்கல்ஹோஸ்ட்ல சூப்பரா வருது. பக்கத்துல ஃப்ரெண்டு அடிச்சா ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ங்குது. ஒரே வைஃபைதான்!

ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தின நாள் தவறாமல் வரும் கேள்வி. லோக்கல்ஹோஸ்ட் என்றால் அவரவர் கணினி. நண்பர் அதை அடித்தால் அவர் லேப்டாப் தன்னையேதான் கேட்கும். உங்கள் வைஃபை ஐபி-யை, 192.168 என்று தொடங்கும் ஒன்றாகப் பெரும்பாலும் இருக்கும், அதைக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

அப்போதும் மறுப்பு வந்தால் உங்கள் சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. 0.0.0.0 என்று மாற்றி ஓட்டினால் வெளியிலிருந்து வருவதையும் கேட்கும். இதை வீட்டு வைஃபையில் செய்யுங்கள், பொது இடத்தில் வேண்டாம். மறுப்பு உடனே வராமல் வெகுநேரம் தொங்கிக்கொண்டு நின்றால் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) பக்கம் பாருங்கள். மறுப்பு என்பது ‘அந்தக் கதவில் யாரும் இல்லை’ என்ற பதில். தொங்குவது பதிலே வராதது. இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

ஏபிஐ சாவிய கட்டளையிலயே போடலாமா? எப்படியும் என் சிஸ்டம்தானே.

போட்டால் வேலை செய்யும், ஆனால் டெர்மினல் வரலாற்றில் அது உட்கார்ந்துகொள்ளும். கல்லூரி ஆய்வகக் கணினி என்றால் அடுத்து உட்காருபவர் மேல்நோக்கு அம்பை அழுத்தினால் போதும். மைனஸ் யூ-வோடு பயனர் பெயரை மட்டும் கொடுத்தால் கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்கும், அது வரலாற்றில் ஏறாது. ஆத்தரைசேஷன் தலைப்பில் டோக்கன் அனுப்புவதானால் அந்தத் தலைப்பை ஒரு கோப்பில் எழுதி, மைனஸ் கேப்பிடல் ஹெச்சுக்குப் பின் @ போட்டுக் கோப்பைக் காட்டுங்கள். கோப்பை நீங்கள் மட்டும் படிக்க முடிகிற மாதிரி வையுங்கள்.

மைனஸ் யூ அனுப்பும் பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 வடிவில் புரியாத எழுத்தாகத் தெரியும். அது பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் நொடியில் திருப்பிவிடலாம். ஹெச்டிடிபிஎஸ் இல்லாத முகவரிக்கு அனுப்பவே கூடாது. சந்தேகம் கேட்க மைனஸ் வி வெளியீட்டை வாட்ஸ்அப் குழுவில் ஒட்டுகிறீர்களே, அதில் ஆத்தரைசேஷன் வரியையும் குக்கி வரியையும் அழித்துவிட்டு ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா, இப்போதே சாவியை மாற்றுங்கள்.

சர்டிஃபிகேட் எரர் வந்துச்சு. மைனஸ் கே போட்டேன், சரியாயிடுச்சு. அப்படியே விட்டுடலாமா?

விடாதீர்கள். எதுவும் சரியாகவில்லை. ‘எதிரே இருப்பது யார் என்று பார்க்காதே’ என்று சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான். நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தால் கடவுச்சொல் உட்பட எல்லாம் அவர் கைக்குப் போகும்.

காரணத்தை மைனஸ் வி-யின் நட்சத்திர வரிகளில் தேடுங்கள். காலாவதியா? தளத்துக்காரர் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் உங்கள் கணினியின் தேதி சரியா என்று பாருங்கள், பேட்டரி போன பழைய கணினிகளில் இது சகஜம். பெயர் பொருந்தவில்லையா? முகவரியை வேறு மாதிரி அடித்திருக்கலாம். பிரவுசரில் சரி, கர்லில் மட்டும் பிழையா? சர்வர் இடைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டிருக்கலாம், பிரவுசர்கள் அதைச் சமாளித்துவிடும். அலுவலக நெட்வொர்க் தன் சொந்தச் சான்றிதழை நடுவில் வைக்கிறதென்றால், அந்தக் கோப்பை வாங்கி டபுள் மைனஸ் சிஏசெர்ட் வழியாகக் கொடுங்கள். மைனஸ் கே உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் சோதனைச் சர்வருக்கு மட்டும்.

பிரவுசர்ல திறக்குது, கர்ல்ல 403. நம்மள மட்டும் ஏன் விடமாட்டேங்குது?

இரண்டும் ஒரே கோரிக்கை இல்லை. பிரவுசர் அனுப்பும் யூசர் ஏஜென்ட் வேறு, குக்கி வேறு. குரோமில் டெவலப்பர் கருவியைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோரிக்கை மேல் வலது சொடுக்கு செய்தால் ‘காப்பி ஆஸ் கர்ல்’ என்று இருக்கும். அதை ஒட்டி ஓட்டுங்கள். வேலை செய்தால் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள், எது இல்லாதபோது 403 வருகிறதோ அதுதான் காரணம். அந்த வரியில் உங்கள் லாகின் குக்கியும் இருக்கும், குழுவில் ஒட்டுவது பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

200 வந்தும் பக்கம் காலியாக இருந்தால், அங்கே தகவலை நிரப்புவது ஜாவாஸ்கிரிப்ட். கர்ல் அதை ஓட்டாது. அதே நெட்வொர்க் பகுதியில் பின்னால் போகும் ஜேசன் கோரிக்கையைத் தேடுங்கள். தளத்துக்காரர் தானியங்கி நிரல்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், வேஷம் போட்டு உள்ளே போகும் வழியை நான் சொல்லித் தருவதில்லை.

ரிசல்ட் வர்ற அன்னைக்கு ஸ்கிரிப்ட் போட்டு செகண்டுக்கு ஒருதரம் அடிச்சா நமக்கு முதல்ல வருமா? ஃப்ரெண்ட்ஸ் நம்பரையும் போட்டுடலாமா?

வராது. அந்தச் சர்வர் திணறுவதே எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால்தான். நீங்கள் நொடிக்கு ஒருதரம் அடித்தால், எங்கோ ஒரு கிராமத்தில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைக்கு இன்னும் தாமதமாகும். சர்வர் உங்கள் ஐபி-யைத் தடுத்தால், அதே வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் தடைதான்.

அடுத்தவர் பதிவு எண்ணைப் போட்டு வரிசையாக எடுப்பது வேண்டவே வேண்டாம். அனுமதியின்றித் தகவலை எடுப்பதும் சேவையை முடக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகின்றன. தெரியாமல் விளையாடினேன் என்று சொல்லித் தப்பிக்கிற விஷயம் இல்லை இது.

ஸ்கிரிப்ட்ல 404 வந்தாலும் ‘சக்சஸ்’னு அடுத்த வேலைக்குப் போயிடுதுக்கா.

கர்லைப் பொறுத்தவரை கேட்டது, பதில் வந்தது, வெற்றி. 404-உம் பதில்தானே. மைனஸ் எஃப் சேர்த்தால் 400-உம் அதற்கு மேலும் வரும்போது வெளியேறும் எண் 22 ஆகும், ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துக்கொள்ளலாம். மற்ற எண்களில் அடிக்கடி பார்ப்பவை: 6 என்றால் தளத்தின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, 7 என்றால் இணைய முடியவில்லை, 28 என்றால் நேரம் முடிந்தது, 60 என்றால் மேலே பார்த்த சான்றிதழ்.

ஸ்கிரிப்டில் ஓடும் எந்தக் கர்லுக்கும் டபுள் மைனஸ் மேக்ஸ் மைனஸ் டைம் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பதில் வராத ஒரு சர்வருக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும். மைனஸ் எஸ், கேப்பிடல் எஸ் இரண்டும் சேர்த்தால் முன்னேற்றப் பட்டை மறையும், பிழைச் செய்தி மட்டும் வரும்.

டபுள் மைனஸ் ரீட்ரை, நேரம் முடிந்தாலோ 429, 503 போன்றவை வந்தாலோ மறுபடி முயலும். 404-க்கு முயலாது, அது சரியும்கூட. ஆர்டர், பணம் என்று எதையாவது பதிவு செய்யும் போஸ்ட்டுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால் ஒரே ஆர்டர் இரண்டாகிவிடும். சர்வர் பக்கம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாள எண் வைத்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

ஸ்லோவா இருக்கு. நெட்டு ஸ்லோவா, சர்வர் ஸ்லோவான்னு எப்படிச் சொல்றது?

காலாப்பட்டில் படிக்கும் ஒரு தம்பி கேட்டது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மைனஸ் டபிள்யூ போட்டு, மேற்கோளுக்குள் சதவீதக் குறியும் நெளிவு அடைப்பும் வைத்து, உள்ளே வேண்டிய அளவின் பெயரைக் கொடுத்தால் கடைசியில் நேரத்தை அச்சடிக்கும். நேம்லுக்கப், கனெக்ட், ஆப்கனெக்ட், ஸ்டார்ட்டிரான்ஸ்ஃபர், டோட்டல் என்று ஐந்தையும் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டைம், அண்டர்ஸ்கோர். விண்டோஸில் பேட்ச் கோப்புக்குள் எழுதினால் சதவீதக் குறியை இரண்டாகப் போட வேண்டும்.

எல்லாமே தொடக்கத்திலிருந்து ஓடிய நொடிகள், அதனால் ஒன்றிலிருந்து முந்தையதைக் கழித்துப் பாருங்கள். நேம்லுக்கப்பிலேயே நேரம் போனால் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி தரும் சேவை) சிக்கல். கனெக்ட்டில் நேம்லுக்கப்பைக் கழித்தால், சர்வர் வரை ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் ஏறக்குறையக் கிடைக்கும். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் அது பெரும்பாலும் 200 மில்லிசெகண்டைத் தாண்டும், அதை எந்த நிரலாலும் குறைக்க முடியாது. ஆப்கனெக்ட் வரை போவது பாதுகாப்பு இணைப்புக்கான நேரம். அங்கிருந்து ஸ்டார்ட்டிரான்ஸ்ஃபர் வரை சர்வர் யோசித்த நேரமும் ஒரு போய்வரும் நேரமும். இது மட்டும் பெரிதாக இருந்தால் டேட்டாபேஸ் வினவலைப் பாருங்கள். அதற்குப் பின் டோட்டல் வரை இழுத்தால் பதில் பெரிது அல்லது உங்கள் இணைப்பு மெல்லியது. டபுள் மைனஸ் கம்ப்ரஸ்டு போட்டு மறுபடி அளந்து பாருங்கள், சர்வர் சுருக்கித் தர முடிந்தால் அந்தக் கடைசித் துண்டு குறையும்.

ஒருமுறை அளந்து முடிவுக்கு வராதீர்கள். முதல் தடவை டிஎன்எஸ் புதிதாகத் தேடும், அடுத்த தடவை சேமிப்பிலிருந்து வரும். நாலைந்து தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டு, காலையிலும் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஓட்டி எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்களோடு சர்வர் பக்கத்து ஆளிடம் பேசுங்கள்.